இலவசமாகக் கொடுங்கள், இல்லையேல் முழு விலைக்குக் கொடுங்கள்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் மகளிர் கைவேலைக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று மின்னிதழில் வெளியிடுகிறோம்.)

ஆயுத பூஜை முடிந்தது, தீபாவளி வாசலில் நிற்கிறது, அடுத்து கார்த்திகை, அதற்கடுத்து கிறிஸ்துமஸ். நம் குழுவில் குரோஷா ஊசி பிடிக்கும் எல்லோருக்கும் வேலை மிகுந்த மூன்று மாதங்கள் இவை. இந்தப் பருவத்துக்கு என்ன பின்னலாம், எப்படிப் பின்னலாம் என்று பேசச் சொன்னார்கள். அதைப் பேசுகிறேன். கூடவே குழுவுக்கு வந்திருக்கும் ஆர்டர் ஒன்றைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அதை நீங்கள்தான் முடிவு செய்யப் போகிறீர்கள்.

முதலில் பருவம். யூடியூபில் "இலையுதிர்கால அலங்காரம்" என்று தேடினால் ஆரஞ்சு நிறப் பறங்கிக்காயும், சிவந்த மேப்பிள் இலையும், ஓக் மரக் கொட்டையும் வரிசையாக வரும். அவை அழகானவைதான். ஆனால் அது அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து நாடுகளின் இலையுதிர்காலம். அதே மாதங்களுக்கு நம் முன்னோர் வைத்த பெயர் கூதிர் காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி. கூதிரில் இங்கே இலை உதிர்வதில்லை, மழை கொட்டுகிறது. கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்ததும், 2015 நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்ததும் இதே பருவத்தில்தான்.

ஆகவே நம் பருவத்துக்கு ஏற்றதைப் பின்னுவோம். தீபாவளிக்குச் செவ்வந்திச் சரம், கொலுவுக்குத் தாமரை, கார்த்திகைக்கு அகல் வடிவத் தொங்கல், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம். எல்லாப் பண்டிகைக்கும் பொதுவாக மாவிலைத் தோரணம். இந்தப் பேட்டையில் ஆயுத பூஜைக்கு ஆலை வாசல்களில் வாழையும் மாவிலையும் கட்டி, பூசணிக்காய் உடைக்காத இடம் ஏது? அவர்களுக்குப் பறங்கி என்றால் நமக்குச் சாம்பல் பூசணி. வெளிர்பச்சை நூலில் ஒரு குட்டிப் பூசணியைப் பின்னி, நடுவில் குங்குமப் பொட்டுக்குச் சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டு, உடனே ஒன்று வேண்டும் என்பார்கள்.

இரண்டு பொருட்களுக்குச் செய்முறை சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: நான் சொல்வது அமெரிக்கக் கணக்கு. அமெரிக்கர் "சிங்கிள்" என்பதைத்தான் பிரிட்டிஷ் புத்தகங்கள் "டபுள்" என்கின்றன. பழைய புத்தகம் ஒன்றும் புதிய வீடியோ ஒன்றும் வைத்துக்கொண்டு பின்னினால் அளவு மாறிப்போகும்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம், ஐந்து முனை. மேஜிக் ரிங் போட்டு 3 செயின் எடுங்கள், அது முதல் டபுளாகக் கணக்கு. அதே வளையத்துக்குள் இன்னும் 14 டபுள். மொத்தம் 15. ஸ்லிப் போட்டு வட்டத்தை மூடுங்கள். அடுத்த சுற்றில் 6 செயின். ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் ஸ்லிப், அடுத்ததில் சிங்கிள், அடுத்ததில் ஹாஃப் டபுள், அடுத்ததில் டபுள், கடைசியில் ட்ரிபிள். இது ஒரு முனை. கீழே வட்டத்தில் இரண்டு தையலை விட்டு மூன்றாவதில் ஸ்லிப். இப்படியே ஐந்து முறை செய்தால் ஐந்து முனையும் வந்துவிடும். நூலை வெட்டி, வால்களை உள்ளே கோத்து மறைத்துவிடுங்கள்.

மாவிலை. 16 செயின். இரண்டாவது செயினிலிருந்து 1 சிங்கிள், 2 ஹாஃப் டபுள், 8 டபுள், 2 ஹாஃப் டபுள், 1 சிங்கிள். கடைசிச் செயினில் 3 சிங்கிள் போட்டால் பின்னல் திரும்பிக்கொள்ளும். இனி செயினின் மறுபக்கத்தில் அதே வரிசையைத் திரும்பப் போடுங்கள்: 1, 2, 8, 2, 1. முடிவில் ஸ்லிப். நடுவில் ஓடும் செயின் வரி இலை நரம்பு போலவே தெரியும்.

இனி நம் ஊர்க் காற்றுக்கு ஏற்ற நாலு குறிப்புகள்.

ஒன்று, விறைப்பு. நட்சத்திரம் துவளாமல் நிற்கச் சர்க்கரைப் பாகில் முக்குவது குளிர்நாட்டுப் பழைய வழக்கம். இங்கே செய்தால் மறுநாளே எறும்பு வரிசை கட்டும், ஈரக்காற்றில் பாகும் பிசுபிசுக்கும். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து நனைத்துப் பிழிந்து, தெர்மகோல் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, முனைகளைக் குத்தி நிறுத்துங்கள். துருப்பிடிக்காத ஊசியாக இருக்கட்டும். கார்த்திகை ஈரத்தில் ஒரே இரவில் சாதாரணக் குண்டூசி வெள்ளை நூலில் பழுப்புக் கறை வைத்துவிடும். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயட்டும்.

இரண்டு, சாயம். சிவப்பும் வெள்ளையும் கலந்து பின்னுமுன் சிவப்பு நூலை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த நூல் வேண்டாம். சாயமும் நிறமியும் என்னவென்று இந்தப் பேட்டையில் குடியிருக்கும் நமக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று, நெருப்பு. கடையில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். கம்பளி இல்லை. சூடு பட்டால் அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உருகாது, ஆனால் தீப்பிடிக்கும். இரண்டும் அகல் விளக்குக்கும் மெழுகுவத்திக்கும் அருகில் வேண்டாம். அகலுக்குக் கீழே பின்னல் விரிப்பு வைக்கும் ஆசை இருந்தால், பேட்டரி விளக்கோடு வையுங்கள்.

நான்கு, பாதுகாப்பு. தை பிறந்ததும் நல்ல வெயிலில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பூசணம் பூக்கும். பத்திரமாக வைத்தால் ஒரு மாவிலைத் தோரணம் பல ஆண்டு வாசலில் தொங்கும்.

இப்போது ஆர்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வியாபாரி கிறிஸ்துமஸுக்கு 500 நட்சத்திரம் கேட்டிருக்கிறார். நூல் அவர் தருவார். பின்னி, விறைப்பாக்கி, கயிறு கட்டித் தந்தால் ஒன்றுக்கு 4 ரூபாய். மொத்தம் 2,000 ரூபாய். "சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே அக்கா, வந்தவரை லாபம்" என்று சிலர் சொன்னீர்கள். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

குரோஷாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் இருக்கிறது. லேஸ் போட இயந்திரம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் வலைப்பின்னல் இயந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் நாம் கையால் போடும் குரோஷாவை அப்படியே போடும் ஆலை இயந்திரம் இதுவரை இல்லை. பார்வைக்கு அதுபோல் இருக்கும் துணியை இயந்திரம் நெய்யும், அவ்வளவுதான். ஆகவே உலகில் எந்தக் கடையில் எவ்வளவு மலிவாக ஒரு குரோஷா நட்சத்திரம் தொங்கினாலும், அதை ஒரு மனிதர் உட்கார்ந்து கையால்தான் பின்னியிருக்கிறார். பொருள் மலிவாக இருக்கிறதென்றால், யாரோ ஒருவரின் நேரம் மலிவாக வாங்கப்பட்டிருக்கிறது.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே வரலாறு இருக்கிறது. ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் நரசாப்பூர் என்று ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் அங்கே பெண்களுக்குக் குரோஷா லேஸ் கற்றுக்கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான வீடுகளில் அது தொடர்ந்தது, வெளிநாடுகளுக்கும் போனது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆய்வு செய்து 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: அந்தப் பெண்கள் வீட்டு வேலையெல்லாம் முடித்து, நாளில் பல மணி நேரம் பின்னினார்கள். ஆனால் அவர்களை யாரும் தொழிலாளி என்று சொல்லவில்லை. "வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள்" என்றார்கள். பெண்களும் அப்படியே நம்பினார்கள். அந்த ஒரு சொல்லால் கூலி அடிமட்டத்தில் நின்றது. விற்று ஏற்றுமதி செய்தவர்களிடம் செல்வம் சேர்ந்தது. 2024இல் நரசாப்பூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் குறியீடு பொருளின் பெயரைக் காக்கும், பின்னியவரின் மணிக்கணக்கை நாம்தான் காக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டிலும் உண்டு. நாகர்கோவிலில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பள்ளி நடத்தினார். அவர் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கலையை அங்கே கொண்டுபோனார். அது குரோஷா இல்லை. திண்டின் மேல் ஊசிகள் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போடும் லேஸ். அன்றைய திருவிதாங்கூரில் அடிமைத்தனம் இருந்த காலம். லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தம் விடுதலையை வாங்கிய பெண்கள் இருந்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. யோசித்துப் பாருங்கள். ஊசியும் நூலும் அதேதான். ஓரிடத்தில் அது பெண்ணை மீட்டிருக்கிறது, இன்னோரிடத்தில் அவள் உழைப்பே கணக்கில் வராமல் மறைந்திருக்கிறது. கூலி கையில் வந்ததா, அது நியாயமான கூலியா என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடு.

சரி, நம் நட்சத்திரத்துக்குக் கணக்குப் போடுவோம். நம் வகுப்பில் பழகிய கைக்கு ஒரு நட்சத்திரம் பின்ன, வால் மறைக்க, நனைத்துக் குத்த, கயிறு கட்ட என்று எல்லாம் சேர்த்துச் சுமார் 12 நிமிடம் ஆகிறது. மணிக்கு ஐந்து. 500 நட்சத்திரத்துக்கு 100 மணி நேரம். அதற்கு 2,000 ரூபாய் என்றால் மணிக்கு 20 ரூபாய். எட்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால் 160 ரூபாய்.

இதை எதனோடு ஒப்பிடுவது? நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த ஒரு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 42. நம் கைவேலைக்குக் கண்ணும் கையும் பயிற்சியும் வேண்டும். ஆனாலும் அதைவிடக் கூடுதல் கேட்க வேண்டாம், அதற்குச் சமமாக மட்டும் கேட்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நட்சத்திரத்துக்கு 8 ரூபாய் 40 காசு வருகிறது. முழு எண்ணாக 9 ரூபாய். நூல் நம்முடையது என்றால் அதன் விலையும், பசை, கயிறு செலவும் மேலே சேரும். தோரணத்துக்கும் இதே கணக்குதான். ஓர் இலைக்குக் கால் மணி நேரம், 11 இலைக்கு இரண்டே முக்கால் மணி, கோக்க அரை மணி. ஆக மூன்றே கால் மணி. கூலி மட்டும் 136 ரூபாய் 50 காசு. "அறுபது ரூபாய்க்குத் தாருங்கள்" என்று கேட்பவரிடம் கோபப்பட வேண்டாம். இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

"எனக்குப் பணம் தேவையில்லை, பொழுது போகிறது, நான் 4 ரூபாய்க்குச் செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதிலும் சொல்ல வேண்டும். நம் குழுவிலேயே இரண்டு வகையானவர்கள் இருக்கிறோம். வீட்டில் சம்பளம் வருவதால் பொழுதுபோக்காகப் பின்னுகிறவர்கள் சிலர். ஒப்பந்த வேலை இல்லாத மாதங்களில் பின்னலை நம்பி மளிகை வாங்குகிறவர்கள் சிலர். நான் 4 ரூபாய்க்கு ஒத்துக்கொண்டால், நாளை அந்த வியாபாரி பக்கத்துத் தெருவுக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் போய், "அவர்களே நாலு ரூபாய்க்குத் தருகிறார்கள்" என்பார். என் பொழுதுபோக்கு இன்னொரு பெண்ணின் கூலியைக் குறைத்துவிடும். எனக்கு நஷ்டமில்லை, அவளுக்கு உண்டு.

அப்படியானால் எல்லாவற்றையும் காசாகவே பார்க்க வேண்டுமா? இல்லவே இல்லை. கொடுப்பது வேறு, விற்பது வேறு. சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய "மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்" குழுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பல ஊர்ப் பெண்கள் சேர்ந்து பின்னிய துண்டுகளை இணைத்து, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் போர்வை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தார்கள். நம் கணக்கில் அது ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர். பிறகு அந்தப் போர்வைகளைத் தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் யாருடைய கூலியும் குறையவில்லை. இலவசம் சந்தை விலை ஆகாது, அது அன்பளிப்பு. பாதி விலைதான் சந்தை விலையாகிப் பிறரையும் இழுத்துக்கொண்டு கீழே போகும்.

அதனால்தான் சொல்கிறேன்: இலவசமாகக் கொடுங்கள், இல்லையேல் முழு விலைக்குக் கொடுங்கள். பாதி விலைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

என் யோசனைகளைச் சொல்லி முடிக்கிறேன். வியாபாரியிடம் குழுவாகப் போய் 9 ரூபாய் கேட்போம். முன்பணமாகப் பாதி, சரக்கு எடுக்கும்போது மீதி. 500 முடியாது, 250 போதும் என்றால் அதுவும் சரி. மறுத்தால் அவர் மேல் வருத்தமில்லை. யிவூ போன்ற சீன நகரங்களிலிருந்து வரும் பிளாஸ்டிக் நட்சத்திரம் அவருக்குக் கிடைக்கும். அதன் விலையோடு நம் கை போட்டிபோட முடியாது, போடவும் வேண்டாம். நாமே நம் குடியிருப்பில் டிசம்பரில் ஒரு மேசை போடுவோம். ஒவ்வொரு பொருளிலும் ஒரு சிறு சீட்டுக் கட்டுவோம். அதில் விலை மட்டும் இருக்கக் கூடாது, பின்ன ஆன நேரமும் இருக்கட்டும். "மாவிலைத் தோரணம், மூன்றே கால் மணி நேரம்" என்று படித்த பிறகு பேரம் பேச யாருக்கும் மனம் வராது.

அதோடு, வாரத்துக்கு ஒரு நட்சத்திரம் நாம் ஒவ்வொருவரும் அன்பளிப்புக்கென்று பின்னுவோம். அங்கன்வாடிக்கும், பக்கத்துத் தேவாலயத்துக்கும், இரவு ஷிப்ட் காவலாளிகளின் அறைக்கும் தொங்கவிடுவோம். அதற்குக் கணக்கு வேண்டாம்.

நோட்டும் கடிகாரமும் கொண்டுவாருங்கள். அடுத்த வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நட்சத்திரம் பின்னி, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிவைக்கப் போகிறோம். புதிதாகக் கற்பவர்களுக்கு அரை மணி நேரம் ஆகலாம். அதனால் ஒன்றுமில்லை, நாலு நட்சத்திரம் தாண்டினால் கை தானாக ஓடும். ஆண்களும் வரலாம், ஊசிக்கு ஆண், பெண் தெரியாது. இந்த ஆர்டரைப் பற்றி உங்கள் கருத்து எதுவானாலும் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். வர முடியாதவர்கள் சங்கச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். எல்லோரும் பேசிய பிறகே வியாபாரிக்குப் பதில் சொல்வோம்.

அனைவருக்கும் தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மழையில் மின்கம்பத்தின் பக்கம் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.